எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு 1099

டல்லாஸ் பக்கத்தில் பதினேழு வருடமாக இருக்கிறோம். நான் மருத்துவமனைகளில் தமிழ் இன்டர்பிரட்டர். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும், நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் அப்படியே எடுத்துச் சொல்வதுதான் வேலை. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த ஒரு வயதான அம்மா “நெஞ்சு கரிக்குது” என்பார். அதை “நெஞ்சு அடைக்குது” என்ற பொருளில் நான் சொல்லிவிட்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த அறையில் நடப்பதே வேறாகிவிடும். ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்த நான், வரிப் படிவம் ஒன்றில் இருந்த சொல்லையும் பாக்ஸ் எண்ணையும் சரியாகப் பார்க்காமல் விட்டேன். 2023 ஜூனில் அதற்காக அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து கடிதம் வந்தது.

1099 என்பது, சம்பளம் அல்லாமல் நமக்குப் பணம் கொடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்று தெரிவிக்கிற படிவம். முதன்முதலாக ஒரு 1099 கையில் கிடைத்து, இதற்கு வரித் தாக்கல் (ஃபைல்) பண்ண வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒவ்வொரு பிப்ரவரியும் இந்தக் கேள்வி வருகிறது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், “அறுநூறு டாலருக்குக் கீழேன்னா வேண்டாம்” என்று சொல்லி முடித்துவிடுகிறார். அது தவறு. ஏன் தவறு என்பதை எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

எச்-4 விசாவில் வந்து பல வருடம் வேலைக்குப் போகாமல் இருந்தேன். 2019-ல் கிரீன் கார்டு வந்தது. மருத்துவ இன்டர்பிரட்டருக்கான நாற்பது மணி நேரப் பயிற்சியை முடித்துவிட்டு, 2021 தொடக்கத்தில் ஒரு மொழிச்சேவை நிறுவனத்தில் பதிவு செய்துகொண்டேன். சேரும்போது டபிள்யூ-9 என்று ஒரு பக்கப் படிவம் கொடுத்தார்கள். பெயர், விலாசம், சோஷியல் செக்யூரிட்டி எண், கையெழுத்து, அவ்வளவுதான். என் கணவர் வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய டபிள்யூ-4 வேறு, இது வேறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. டபிள்யூ-4 கேட்டால் நீங்கள் ஊழியர். டபிள்யூ-9 கேட்டால் அவர்கள் கணக்கில் நீங்கள் தனியாகத் தொழில் செய்கிறவர். எந்தப் படிவத்தை நீட்டுகிறார்கள் என்பதிலேயே வருடக் கடைசியில் என்ன வரப்போகிறது என்பது தெரிந்துவிடும்.

கொஞ்சம் தொலைபேசி வழியாக, கொஞ்சம் நேரில் போய் என்று அந்த வருடம் மொத்தம் 4,260 டாலர் வந்தது. ஒரு பைசா பிடித்தம் இல்லாமல் முழுதாக வங்கியில் விழுந்தது. ஆகஸ்டில் வீடு மாறினோம். நிறுவனத்துக்குப் புது விலாசம் சொல்ல மறந்துவிட்டேன்.

அதே வருடம் என் மாமியார், ஒரு பல்கலைக்கழகம் நடத்திய சர்க்கரை நோய் ஆய்வில் கலந்துகொண்டார். ரத்தம் எடுப்பார்கள், சாப்பாட்டைக் குறித்துவைக்கச் சொல்வார்கள், ஒவ்வொரு முறை போய் வந்ததற்கும் ஒரு தொகை கொடுப்பார்கள். மொத்தம் 800 டாலர். 2022 ஜனவரி கடைசியில் அவர் பெயருக்கு ஒரு 1099-மிஸ்க் வந்தது. அத்தைக்கு ஒரே பயம். “அமெரிக்காக்காரன் பேப்பர் அனுப்பியிருக்கானே, நான் வரி கட்டணுமாப்பா?” என்று என் கணவரிடம் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். விசாரித்தோம். அவருக்கு வேறு வருமானம் எதுவும் இல்லை, 65 வயதைத் தாண்டியவர், எங்கள் வரித் தாக்கலில் டிபென்டன்ட், அதாவது எங்களைச் சார்ந்திருப்பவர். அப்படிப்பட்டவருக்கு அந்த வருடம், உழைப்பால் வராத வருமானம் 2,800 டாலரைத் தாண்டினால்தான் தாக்கல் கட்டாயம். 800 டாலருக்குத் தேவையில்லை. சரி என்று காகிதத்தை ஃபைலில் போட்டு வைத்தோம். அது சரியான முடிவுதான்.

பிப்ரவரியில் என் கணவருடைய டபிள்யூ-2-வை, அதாவது ஊழியருக்கு முதலாளி கொடுக்கிற வருடச் சம்பளப் படிவத்தை மட்டும் வைத்து, கணவன் மனைவி சேர்ந்து செய்கிற தாக்கலை முடித்தோம். மார்ச்சில் பழைய அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டில் இருந்த தோழி, எங்கள் பெயருக்கு வந்த தபால்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் என் 1099 இருந்தது. அத்தைக்கு வந்த மாதிரியே அதே அளவு, அதே கட்டங்கள். அத்தைக்கு வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம் என்று நினைத்து, அதே ஃபைலில் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அடுத்த வருடமும் அப்படியே. போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம்.

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தது 2023-ல் கடிதம் வந்த பிறகுதான். அத்தையுடையதில் 1099-மிஸ்க் என்று இருந்தது. 800 என்ற எண் பாக்ஸ் 3-ல், ‘மற்ற வருமானம்’ என்ற கட்டத்தில். என்னுடையது 1099-என்.இ.சி. 4,260 என்ற எண் பாக்ஸ் 1-ல். அந்த மூன்று எழுத்துக்கும் தமிழில் பொருள் சொல்வதானால், ‘ஊழியர் அல்லாதவருக்குக் கொடுத்த ஊதியம்’. அதாவது நான் உழைத்தேன், ஆனால் அவர்களுடைய ஊழியர் இல்லை. இந்த நாட்டு வரிச் சட்டத்தில் அப்படி இருப்பவருக்குப் பெயர் சுயதொழில் செய்பவர். கடை வைத்திருக்க வேண்டும், கம்பெனி பதிவு செய்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டு மூலையில் உட்கார்ந்து பேசினாலும் அது சுயதொழில்தான்.

சுயதொழிலுக்கென்று தனி வரம்பு ஒன்று உண்டு. செலவு போக 400 டாலர் அல்லது அதற்கு மேல் மிஞ்சினால் வரித் தாக்கல் கட்டாயம். வயது, மற்ற வருமானம், எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் வரிக்கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எதுவும் இதில் குறுக்கே வராது. பல பத்தாண்டுகளாக மாறாத எண் அது. காரணமும் எளிது. ஊழியராக இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி இன்னொரு 7.65 சதவீதம் போடுவார். சுயதொழிலில் இரண்டு பங்கும் நாமேதான், 15.3 சதவீதம். இந்த வரி, வருமான வரியிலிருந்து வேறானது. வருமான வரி பூஜ்யமாக இருந்தாலும் இது வரும்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2019-ம் வருட வருமானம் வரைக்கும் இந்த ஊழியரல்லாதோர் ஊதியமும் 1099-மிஸ்க் படிவத்திலேயே பாக்ஸ் 7-ல் வந்துகொண்டிருந்தது. 2020-ம் வருட வருமானத்திலிருந்துதான் அதைப் பிரித்து என்.இ.சி. என்று தனிப் படிவம் ஆக்கினார்கள். அதனால் ‘மிஸ்க் வந்தால் சுயதொழில் வரி உண்டு’ என்று நிறைய பழைய பதிவுகள் இன்னும் கிடக்கின்றன. இப்போதைய மிஸ்க் படிவத்தில் பாக்ஸ் 1 வாடகை, பாக்ஸ் 2 ராயல்டி, பாக்ஸ் 3 பரிசு, ஆய்வுக்கட்டணம் போன்ற மற்றவை. வரித் தாக்கலோடு சேர்க்கிற துணைப் படிவத்துக்கு ஷெட்யூல் என்று பெயர். வாடகையும் ராயல்டியும் பெரும்பாலும் ஷெட்யூல் ஈ-க்குப் போகும். பாக்ஸ் 3 பெரும்பாலும் ஷெட்யூல் 1-ல் மற்ற வருமானமாகப் போகும், அதற்குச் சுயதொழில் வரி கிடையாது.

இன்னொன்றும் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. ‘ஃபைல் பண்ண வேண்டுமா’ என்ற கேள்வியே எங்களுக்குப் பொருந்தாது. என் கணவருக்குச் சம்பளம் இருக்கிறது, நாங்கள் எப்படியும் தாக்கல் செய்கிறோம். தாக்கல் செய்கிற எவரும் வரிக்குரிய வருமானம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். எனக்கு வந்தது 4,260 இல்லாமல் நாற்பது டாலராகவே இருந்திருந்தாலும் எங்கள் கூட்டுத் தாக்கலில் அது வந்திருக்க வேண்டும்.

கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். உறையைப் பிரித்தபோது எனக்குக் கை நடுங்கியது உண்மை. மேலே வலது மூலையில் சி.பி.2000 என்று போட்டிருந்தது. உள்ளே ஒரு அட்டவணை: நீங்கள் காட்டியது ஒரு பக்கம், மற்றவர்கள் எங்களுக்குத் தெரிவித்தது இன்னொரு பக்கம், வித்தியாசம் 4,260. அதற்கு அவர்கள் போட்டிருந்த கணக்கு, சுயதொழில் வரி 602, வருமான வரி 871, ஆக 1,473 டாலர். வட்டி தனி. என் கணவர் உடனே கட்டிவிடலாம் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அரசாங்கம் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம்.

அது பில் இல்லை, முன்மொழிவு. கடிதத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. நான் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படித்தபோதுதான் கவனித்தேன். ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தெரிந்தது எனக்கு வந்த பணம் மட்டும்தான். நான் செலவழித்தது எதுவும் தெரியாது. முப்பது நாளுக்குள் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்றோ ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்றோ டிக் செய்து அனுப்ப வேண்டும். கூடுதல் நாள் வேண்டுமானால் போன் செய்து கேட்கலாம். நாங்கள் வருமானத்தை ஒத்துக்கொண்டோம், வரித்தொகையை ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு இரண்டு வார இறுதிகள் சாப்பாட்டு மேசையில் காகிதம் பரப்பி உட்கார்ந்தோம். நிறுவனம் ஒவ்வொரு வேலைக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் தேதி, நேரம், மருத்துவமனை விலாசம் எல்லாம் இருந்தது. என் போன் காலண்டரிலும் இருந்தது. அவற்றை வைத்து ஒவ்வொரு பயணமாக மைல் கணக்கு எழுதினேன். மொத்தம் 2,350 மைல். 2021-ல் தொழிலுக்காக ஓட்டிய மைலுக்கு 56 சென்ட், ஆக 1,316 டாலர். ஹெட்செட் 89. தொழில் காப்பீடு 155. ஆகமொத்தம் செலவு 1,560, மிச்சம் 2,700.

மைல் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருவது பொதுவாகச் செலவில் சேராது. தொலைபேசி வேலைக்காகவே வீட்டில் ஒரு சிறு அறையை ஒதுக்கி, வேறெதற்கும் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தேன். என் கணக்குவழக்கு, அட்டவணை, அழைப்பு எல்லாம் அங்கிருந்துதான். அதனால் வீடுதான் என் தொழிலின் முதன்மை இடம். அங்கிருந்து மருத்துவமனைக்குப் போவது தொழில் பயணம். உங்கள் நிலைமை இப்படி இல்லையென்றால் மைலைப் போடும்முன் யாரிடமாவது கேளுங்கள். அந்த நாற்பது மணி நேரப் பயிற்சிக் கட்டணத்தையும் நான் சேர்க்கப் பார்த்தேன். எங்களுக்கு உதவிய கணக்காளர் வேண்டாம் என்றார். ஒரு தொழிலுக்குள் புதிதாக நுழைவதற்குப் படிக்கிற படிப்பு அந்தத் தொழிலின் செலவில் வராது. நுழைந்த பிறகு திறமையை வளர்த்துக்கொள்ளப் படித்தால் வரும்.

2,700-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் சுயதொழில் வரி 381. அதில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். மேலும் சுயதொழில்காரர்களுக்கு லாபத்தில் 20 சதவீதம் வரை ஒரு கழிவு உண்டு, அதையும் எடுத்தோம். வருமான வரி 442. ஆக 823 டாலர். கேட்ட தொகைக்கும் கட்டவேண்டிய தொகைக்கும் 650 டாலர் வித்தியாசம்! பயந்து கட்டியிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

தொழிலின் வரவுசெலவு காட்டும் ஷெட்யூல் சி, சுயதொழில் வரிக்கான ஷெட்யூல் எஸ்.இ. இரண்டையும் நிரப்பி, அவற்றோடு மைல் பட்டியல், ரசீதுகள், இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்க விளக்கம் எல்லாவற்றையும் அவர்கள் அனுப்பியிருந்த பதில் தாளோடு சேர்த்து, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கிற சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பினோம். பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டோம். ஏறத்தாழ மூன்று மாதம் பதில் இல்லை. அந்த மூன்று மாதமும் தபால்பெட்டியைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது. அப்புறம் நாங்கள் போட்ட கணக்கையே ஏற்றுக்கொண்டு திருத்திய கடிதம் வந்தது. வட்டியோடு கட்டி முடித்தோம்.

கடிதம் 2021-ஐப் பற்றி மட்டுமே பேசியது. ஆனால் 2022-லும் அதே தவறைச் செய்திருந்தோமே. அதற்கும் ஒரு கடிதம் வரட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. 1040-எக்ஸ் என்ற திருத்தத் தாக்கலை நாங்களாகவே அனுப்பி, கட்டவேண்டியதையும் சேர்த்துக் கட்டினோம். சீக்கிரம் கட்டினால் வட்டி அந்த அளவுக்குக் குறையும். இன்னொரு 1099 ஃபைலில் தூங்குகிறது என்று யாருக்காவது இதைப் படிக்கும்போது ஞாபகம் வந்தால், தயவுசெய்து இந்த வாரமே அதை எடுங்கள். படிவத்தை அனுப்பியவர் அதன் நகலை ஐ.ஆர்.எஸ்.ஸுக்கும் அனுப்பியிருக்கிறார். தாக்கலே செய்யாத வருடம் என்றால் இன்னும் மோசம். தாக்கல் செய்யாதவரை அந்த வருடத்துக்கு வரி போடுவதற்கான காலக்கெடு ஓடவே தொடங்காது.

இந்த அனுபவம் இருந்ததால்தான் போன வருடம் ஒரு பெண்ணுக்கு உதவ முடிந்தது. எங்கள் குடும்ப நண்பரின் மகள், பதினேழு வயது. சனிக்கிழமைகளில் ஒரு டியூஷன் சென்டரில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். 2024-க்கு அவளுக்கு 1,150 டாலருக்கு 1099-என்.இ.சி. வந்தது. அவள் அப்பா நன்றாகப் படித்தவர், விதியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். “டிபென்டன்ட் பிள்ளைங்க சம்பாத்தியம் 14,600-ஐத் தாண்டினாத்தான் ஃபைல் பண்ணணும், நானே பார்த்தேன்” என்றார். அவர் பார்த்தது சரியான எண்தான். ஆனால் அதே விதிகளில், சுயதொழில் வருமானம் 400 டாலரோ அதற்கு மேலோ என்றால் இந்த அட்டவணையைப் பார்க்காமலே தாக்கல் செய்ய வேண்டும் என்றும் இருக்கும். பெரும்பாலானவர்கள் அட்டவணையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அவளுக்கு வருமான வரி பூஜ்யம். சுயதொழில் வரி 162 டாலர். அப்பாவின் தாக்கலில் இதைச் சேர்க்க முடியாது, அவள் பெயரில் தனித் தாக்கல். ‘வேறொருவர் என்னை டிபென்டன்டாகக் காட்டலாம்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும், அப்பாவுக்கும் சிக்கல் வராது. தாக்கலே செய்யாமல் அறுபது நாளுக்கு மேல் போனால் குறைந்தபட்ச அபராதம் என்று ஒன்று இருக்கிறது. இவ்வளவு சின்ன வரிக்கு அபராதமும் கிட்டத்தட்ட வரியளவுக்கே வந்து நிற்கும்.

அந்தப் பெண் என்னிடம் ஒரு நியாயமான கேள்வி கேட்டாள். “ஆன்ட்டி, அவங்க சொன்ன டைம்ல போறேன், அவங்க புக்ல இருந்து நடத்துறேன், அவங்க சொன்ன மாதிரிதான் செய்றேன். நான் எப்படி பிசினஸ்?” அவள் கேட்டது சரி. எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் கொடுப்பவர் தீர்மானித்தால் சட்டப்படி அது பெரும்பாலும் ஊழியர் வேலை, டபிள்யூ-2 தான் கொடுத்திருக்க வேண்டும். கொடுப்பவருக்குத் தன் பங்கான 7.65 சதவீதம் மிச்சமாகிறது, அதனால் 1099 கொடுத்துவிடுகிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எஸ்.எஸ்.-8 என்ற படிவம் மூலம் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் முடிவு கேட்கலாம். ஊழியர் பங்கை மட்டும் கட்ட 8919 என்ற படிவமும் உண்டு. சுமார் 74 டாலருக்காக அந்தச் சண்டை வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இந்த வருடத்திலிருந்து டபிள்யூ-2 கேட்டு வாங்கிக்கொண்டாள். இதில் ஒரு நல்லதும் நடந்தது. உழைத்துச் சம்பாதித்த வருமானம் கணக்கில் ஏறியதால் அவள் பெயரில் ஒரு ராத் ஐ.ஆர்.ஏ. தொடங்கினார் அப்பா. பதினேழு வயதில் தொடங்கிய ஓய்வுக்காலச் சேமிப்பு!

இப்போது அந்த ‘அறுநூறு’ கதைக்கு வருகிறேன். அறுநூறு டாலர் என்பது பணம் கொடுத்தவருக்கான விதி. 2025 வரை, ஒருவருக்கு வருடத்தில் அவ்வளவு கொடுத்தவர் படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. வாங்கியவர் எதைக் காட்ட வேண்டும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2022-ல் இன்னொரு நிறுவனம் எனக்கு 520 டாலர் கொடுத்தது, படிவம் வரவில்லை. அதையும் அந்தத் திருத்தத் தாக்கலில் காட்டினேன். வீட்டில் பாட்டோ பரதமோ சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குப் பெற்றோர் கொடுக்கிற கட்டணத்துக்குப் படிவமே வராது, ஏனென்றால் கொடுப்பவர்கள் அதைத் தங்கள் தொழிலுக்காகக் கொடுக்கவில்லை. ஆனாலும் அது வருமானம், 400 டாலர் விதி அங்கேயும் உண்டு.

இதை இப்போது அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜனவரி முதல் கொடுக்கிற பணத்துக்கு அந்த 600 டாலர் வரம்பு 2,000 ஆக உயர்ந்திருக்கிறது. 2027 ஜனவரியில் நிறையப் பேருக்கு வழக்கமாக வரும் படிவம் வராது. வராததால் வரி இல்லை என்று நினைத்துவிடுவார்கள். 400 டாலர் வரம்பு அப்படியேதான் இருக்கிறது. வருகிற பணத்தை நீங்களே குறித்துவைக்காவிட்டால் இனி யாரும் உங்களுக்கு ஞாபகப்படுத்தப் போவதில்லை.

படிவம் தவறாக வருவதும் உண்டு. எனக்கே ஒரு வருடம் இன்டர்பிரட்டர் வேலைக்கு மிஸ்க் பாக்ஸ் 3-ல் போட்டு அனுப்பினார்கள். பாக்ஸ் 3 என்பதால் சுயதொழில் வரி இல்லை என்று தப்பித்துக்கொள்ள முடியாது. செய்த வேலை எதுவோ அதுதான் தீர்மானிக்கும், நான் ஷெட்யூல் சி-யில்தான் காட்டினேன். எதிர்ப்பக்கமும் நடக்கும். அத்தையின் ஆய்வுத் தொகையை என்.இ.சி.யில் போட்டிருந்தால் தேவையில்லாமல் சுயதொழில் வரி கேட்டுக் கடிதம் வந்திருக்கும். அப்படி வந்தால் அனுப்பியவரிடம் உடனே திருத்திய படிவம் கேளுங்கள். பிப்ரவரியில் கேட்டால் செய்து கொடுப்பார்கள், ஆகஸ்டில் கேட்டால் தொலைபேசியை எடுப்பவர்கூட இருக்க மாட்டார்.

படிவம் தொலைந்துவிட்டதோ என்று சந்தேகம் இருந்தால் ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து ‘வேஜ் அண்ட் இன்கம் டிரான்ஸ்கிரிப்ட்’ எடுத்துப் பாருங்கள். உங்கள் எண்ணில் யார் யார் என்ன தெரிவித்திருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் அது முழுமையாக இருக்காது, கோடைக்காலத்தில்தான் நிறையும். எங்களுக்கு இப்போது ஆகஸ்டில் அதை எடுத்து, ஏப்ரலில் அனுப்பிய தாக்கலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வேலை அனுமதி இல்லாத எச்-4, எஃப்-1, எச்-1பி-யில் இருந்துகொண்டு பக்கத்தில் இன்னொரு வேலை என்றால், 1099 வாங்குகிற வேலையை ஏற்கும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். அது வரியைவிடப் பெரிய விஷயம். ஆனால் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் விசாவுக்குப் பயந்து வரியில் மறைப்பது ஒரு தவறை இரண்டாக்குவதுதான். கிரீன் கார்டு வரும்வரை நான் இந்த வேலையைத் தொடாமல் இருந்ததற்கு அந்த வேலை அனுமதி விஷயம்தான் காரணம். அந்த வருடங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன.

இப்போது எப்படிச் சமாளிக்கிறோம் என்றால், பணம் வந்தவுடன் அதில் 30 சதவீதத்தைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். வருடக் கடைசியில் 1,000 டாலருக்கு மேல் வரி பாக்கி நிற்கும் என்றால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையாக முன்கூட்டியே கட்ட வேண்டும். நான்கு தேதியை ஞாபகம் வைத்துக்கொள்வதற்குப் பதில், என் கணவர் தன் டபிள்யூ-4-ல் கூடுதலாக ஒரு தொகை பிடிக்கச் சொல்லிவிட்டார். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் அவர் சம்பளத்தில் பிடித்தது என் வருமானத்துக்கும் சேரும். காரில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. மருத்துவமனை வாகனநிறுத்தத்தில் இஞ்சினை அணைத்ததும் தேதி, இடம், மைல் எழுதிவிட்டுத்தான் இறங்குவேன். அரை நிமிட வேலை. 2023-ல் இரண்டு வார இறுதிகளைக் கொடுத்த பிறகு வந்த பழக்கம்.

எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். வருடவாரியாக ஒரு பட்டியல் வரும். இந்த நாட்டுக்கு வந்த வருடத்திலிருந்து 2020 வரை என் பெயருக்கு நேரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். சமைத்தது, பிள்ளைகளை வளர்த்தது, அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போனது எதற்கும் அதில் கட்டம் இல்லை. 2021-க்கு நேரே 2,493 டாலர் என்று இருந்தது. சுயதொழில் வருமானத்தை அந்த வருடம் முடிந்து மூன்று வருடம், மூன்று மாதம், பதினைந்து நாளுக்குள் தெரிவித்தால்தான் இந்தப் பட்டியலில் ஏறும் என்று கணக்காளர் சொல்லியிருந்தார், நாங்கள் தப்பித்தோம். ஓய்வூதியத் தகுதிக்குச் சேர்கிற புள்ளிக்கு கிரெடிட் என்று பெயர். அந்த வருடம் 1,470 டாலருக்கு ஒரு கிரெடிட், ஆக எனக்குக் கிடைத்தது ஒன்று. ஓய்வூதியத்துக்கு நாற்பது வேண்டும். அத்தையைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, “இது நீ பேசி சம்பாதிச்சதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.